இடது சீட்டுக்கு ஒரு கண்

ருஸ்தாவி நகரின் கார்ச் சந்தைக்குப் பின்னால், பழைய இரும்பாலையின் புகைபோக்கிகள் தெரிகிற பக்கத்தில், தகரக் கதவு போட்ட பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒன்று முர்மானுடையது. கார் எலெக்ட்ரீஷியன். வயது ஐம்பத்தாறோ ஐம்பத்தேழோ; கேட்டால் "பேட்டரி மாத்துற வயசு" என்பார். வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம். வண்டியைக் கொண்டு வந்தவன் என்ன கோளாறு என்று சொல்ல ஆரம்பிப்பதற்குள், "நீயே நோண்டிப் பாத்தியா, இல்ல மச்சானை விட்டு நோண்டச் சொன்னியா?" என்று கேட்டுவிடுவார். இரண்டில் ஒன்று எப்போதும் உண்மையாகத்தான் இருக்கும்.

அவர் அதிகம் செய்கிற வேலை ஒன்றுதான். வண்டியின் முன்பக்கத்தில் ஒரு கேமராவை வைத்து, அது பார்ப்பதை உள்ளே இருக்கும் மல்டிமீடியா திரையில் வரவைப்பது. நாங்கள் சாலையின் வலப்பக்கமாகப் போகிறவர்கள். ஆனால் இங்கே பாதிப் பேர் ஓட்டுவது ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்த பழைய கார்களை. அவற்றின் ஸ்டீயரிங்கும் வலப்பக்கம். ஓட்டுகிறவன் சாலையோரத்துப் புல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். முன்னால் ஒரு லாரி போனால் தீர்ந்தது, அதன் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியாது. எதிரே என்ன வருகிறதென்று இடது சீட்டில் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். "போ" என்றால் போவோம், "பொறு" என்றால் பொறுப்போம். பெண்டாட்டியோ, மாமியாரோ, வழியில் ஏற்றிக்கொண்ட பாதிரியாரோ, இடது சீட்டில் உட்கார்ந்தவருக்கு அந்த உத்தியோகம் தானாக வந்துவிடும். எத்தனையோ குடும்பச் சண்டைகள் அந்த ஒரு சொல்லில் ஆரம்பித்திருக்கின்றன. தனியாகப் போகிறவனுக்கு அதைச் சொல்ல ஆளில்லை. அவன் வண்டியைப் பாதி வெளியே நீட்டிப் பார்ப்பான். எதிரே ஒன்றும் இல்லையென்றால் போவான். இருந்துவிட்டால், அவன் செத்த இடத்தில் சாலையோரமாகக் கறுப்புக் கல்லில் அவன் முகத்தைச் செதுக்கி வைப்பார்கள்.

முர்மானின் ஒரே மகன் மிந்தியாவின் முகம் அப்படித்தான் சுராமி ஊருக்கு மேலே, கணவாய்ச் சாலையின் ஒரு வளைவில் நிற்கிறது. மூன்று வருடமாகிறது. முர்மான் அந்தக் கல்லைப் பார்த்ததில்லை. அவர் மனைவி லாமாராதான் வேன் பிடித்துத் தனியாகப் போய்ப் பூ வைத்துவிட்டு வருவார். முர்மான் அந்தச் சாலைப் பக்கமே தலைவைப்பதில்லை. எந்த வண்டியின் இடது சீட்டிலும் உட்காருவதில்லை. 'போ' என்ற சொல்லை யாரிடமும் சொல்வதில்லை; வேலை முடிந்த வண்டியைக்கூடக் கையை ஆட்டித்தான் அனுப்பிவைப்பார். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் முதலில் கிண்டல் செய்தார்கள், பிறகு காரணம் புரிந்து வாயை மூடிக்கொண்டார்கள்.

யாருக்கும் தெரியாதது ஒன்று உண்டு. இண்டிகேட்டர் போட்டதும் டிக், டிக் என்று ஒரு சத்தம் வருமே, அது கேட்டால் போதும், முர்மானின் வலது காதுக்குப் பக்கத்தில் மிந்தியா கேட்பான்: "போகலாமா, அப்பா?" அவன் ஓட்ட, இவர் இடது சீட்டில் இருக்க, இருவரும் உதிரிபாகம் ஏற்றிக்கொண்டு குத்தாயிசிக்குப் போன நாட்களில் எப்படிக் கேட்பானோ அதே குரல், அதே அவசரம். "போ, அப்பா" என்பார் இவர். எங்கள் பக்கம் அப்பன்மார் மகனை அப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். கார் எலெக்ட்ரீஷியனாக இருந்துகொண்டு இண்டிகேட்டர் சத்தம் கேட்காமல் இருக்க முடியுமா? ஒரு நாளில் பத்து முறை அவன் கேட்பான். பத்து முறையும் இவர் பதில் சொல்லாமல் குனிந்து வயரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த வெள்ளை வண்டி வந்தது ஈஸ்டர் கழிந்த வாரத்தில். ஏழு பேர் உட்காரலாம் போல நீளமானது. ஓட்டி வந்தவன் ஜாபா, கணவாய்க்கு அப்பால் செஸ்தாபோனிப் பக்கத்துப் பையன். இமெரேத்திக்காரன் என்பது அவன் இறங்குவதற்கு முன்பே தெரிந்துவிட்டது, ஏனென்றால் அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோரையும் போலப் பேசிக்கொண்டே இறங்கினான். இடது சீட்டிலிருந்து அவன் மனைவி இர்மா மெதுவாக, கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நிறைமாதம்.

"மாமா, உங்க பேரைச் சொல்லித்தான் அனுப்புனாங்க. முன்னாடி ஒரு கேமரா மாட்டணும். இவ இனிமே என் இடது கண்ணா இருக்க மாட்டாளாம், வேலையை விட்டுட்டா."

"எட்டிப் பாக்க வயிறு விடல மாமா," என்றாள் இர்மா. "நான் குனிஞ்சு நிமிர்றதுக்குள்ள லாரியே ஊர் போய்ச் சேந்துடுது."

"இவ 'பொறு'ன்னு ஆரம்பிச்சா வீடு வர்ற வரைக்கும் பொறுதான். பின்னாடி வர்றவன் எல்லாம் எங்கம்மாவை இழுத்துத் திட்டிட்டுப் போறான்."

"திட்டட்டும். எனக்குப் பதிலா யாராவது திட்டணும்ல."

முர்மானுக்குச் சிரிப்பு வந்தது. "நீயே நோண்டிப் பாத்தியா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா. மச்சான்."

முர்மான் தலையை உள்ளே நுழைத்துச் சாவியைத் திருப்பினார். உடனே வண்டிக்குள்ளிருந்து அந்தப் பெண் பேசினாள். ஜப்பான் வண்டிகள் எல்லாவற்றிலும் ஒரு பெண் இருப்பாள். கிளம்பும்போது மரியாதையான குரலில் என்னவோ சொல்வாள். சுங்கச்சாவடிக்கான அட்டையைச் செருகவில்லை என்று சொல்கிறாளாம். அந்த அட்டையும் சாவடியும் கடலுக்கு அப்பால் இருப்பது அவளுக்குத் தெரியாது. மிந்தியா தன் வண்டியில் தினமும் காலையில் அவளுக்குப் பதில் சொல்வான்: "தெரியும் அத்தை, மறந்துட்டேன், மன்னிச்சுக்கோ." நூறு வண்டிகளில் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறார் முர்மான், அதில் புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் குரல் ஓய்ந்ததும் திரையில், ஜப்பானை மட்டுமே அறிந்த வரைபடம் வந்தது. ஏதோ ஒரு சின்னத் துறைமுகம். படகுத்துறையைத் தாண்டி, நீல நிறத்தின் மேல், வண்டியைக் காட்டும் அம்புக்குறி நின்றது. "இன்னிக்கும் நாம தண்ணியிலதான் அப்பா," என்பான் மிந்தியா, தன் வண்டியில் இதே படத்தைப் பார்த்து.

பழைய வண்டிகளில் பாதி ஏதாவது ஒரு கடலில்தான் நிற்கும் என்று முர்மான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மிந்தியாவின் வண்டி கறுஞ்சிவப்பு, இது வெள்ளை. சொல்லிக்கொண்டே திரையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் சட்டத்தை நெம்பி எடுத்தார். நான்கு திருகுகள். மல்டிமீடியா பெட்டியை முன்னால் இழுத்து, பின்பக்கத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார்.

அங்கே ஒரு கேபிள் சும்மா கிடந்தது. மஞ்சள் முனை வைத்த வீடியோ கேபிள். எதோடும் சேரவில்லை. முனையில் நீல நிற டேப் சுற்றியிருந்தது, டேப்பின் கடைசி நுனி உள்பக்கமாக மடித்து ஒரு சின்னக் காது போல விடப்பட்டிருந்தது. அடுத்துத் திறக்கிறவன் நகத்தால் சுரண்டிக் கஷ்டப்படக் கூடாது என்று அப்படி மடித்து விடுகிற ஆள் ருஸ்தாவி முழுக்க ஒருவர்தான். அவருடைய விரல்கள் அந்தக் காதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டன.

எங்கள் ஊரில் மனிதன்தான் சாகிறான், வண்டி சாவதில்லை. நொறுங்கிப் போனதை ஒருவன் வாங்குவான், வேறொன்றின் மூக்கை வெட்டி ஒட்டுவான், சாயம் அடிப்பான், சந்தையில் நிறுத்துவான். மிந்தியாவின் வண்டியை லாமாராவின் பெரியப்பா மகன் யாருக்கோ தள்ளிவிட்டான். யாருக்கு என்று முர்மான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? அது இரண்டு தெரு தள்ளித்தான் மூன்று வருடமாகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கும்.

அந்தக் கேபிளை அவர் போட்டது ஒரு சனிக்கிழமை. "அப்பா, ஊருக்கெல்லாம் கேமரா மாட்டுற, என் வண்டியில எப்ப மாட்டுவ?" என்று மிந்தியா மாதக்கணக்காக நச்சரித்த பிறகு ஆரம்பித்த வேலை. பெட்டியின் பின்னாலிருந்து இஞ்சின் பக்கத்துக்கு ஓட்டை வழியாகக் கேபிளை இழுத்து, இடது மூலை வரை கொண்டுபோய்விட்டார். அதற்குள் ஒரு வாடிக்கையாளன் வந்து அவசரம் என்று கையைப் பிடித்துக்கொண்டான். முனையில் டேப்பைச் சுற்றி, சட்டத்தை மாட்டி, "நாளைக்கு ஞாயித்துக்கிழமை, மிச்சத்தை முடிச்சுத் தரேன்" என்றார். ஞாயிறு காலையில் மிந்தியாவுக்குச் சரக்கு வந்துவிட்டது. "கூட வாயேன்" என்றான். இவருக்கு முதுகுவலி. அவன் தனியாகப் போனான். கணவாயில் ஒரு சிமென்ட் லாரிக்குப் பின்னால் நெடுநேரம் ஊர்ந்தான், பிறகு பார்ப்பதற்காக வண்டியை வெளியே நீட்டினான். எதிரே வந்தது இடித்துச் சுழற்றிய வேகத்தில் வண்டி வலப்பக்கமாகப் போய்ச் சாலையோரச் சுவரில் அடித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேமராவை மாட்டியிருந்தால் அவன் பார்த்திருப்பான். பார்த்திருந்தால் பொறுத்திருப்பான். முர்மானுக்கு இது கடவுள் இருக்கிறார் என்பதைவிட உறுதியாகத் தெரியும். காலையில் எழுந்ததும் முதலில் நினைப்பது அதைத்தான். அவர் உயிரோடு நடமாடியதே அந்த நினைப்பைச் சுமப்பதற்குத்தான் என்று தோன்றும், பார்க்கிறவர்களுக்கு.

"என்ன மாமா, எலி கடிச்சிருக்கா?" என்று ஜாபா வெளியிலிருந்து கேட்டான்.

"இல்ல. கேபிள் ஏற்கனவே போட்டிருக்கு," என்றார் முர்மான். "நல்லாத்தான் போட்டிருக்கான்."

முன்பக்கம் போய்ப் பார்த்தார். புது மூக்கை ஒட்டியவன் கேபிளை இஞ்சின் பக்கத்தில் வெட்டிப் போட்டிருந்தான். கதவுக் கீலின் இடுக்கில் விளக்கை அடித்தார். வெள்ளை எட்டாத மூலையில் கறுஞ்சிவப்பு அப்படியே இருந்தது. அவர் பட்டறைக்குள் போய் மேசையின் கடைசி இழுப்பறையைத் திறந்தார். மகனுக்காக வாங்கிய கேமரா, பிரிக்காத அட்டைப் பெட்டியில், மூன்று வருடமாக அங்கே கிடந்தது. இறந்தவனின் சட்டையைப் போல அதை யாரும் தொடக் கூடாது என்பது வீட்டில் எழுதாத சட்டம். அலமாரியில் வேறு கேமராக்கள் எத்தனையோ இருந்தன. அவர் இதைத்தான் எடுத்தார். இந்த வண்டியில் இதைத்தவிர வேறெதை மாட்டுவது?

லாமாரா மதியச் சாப்பாட்டோடு வந்தபோது முர்மான் பம்பரின் இடது மூலையில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். லாமாரா இன்னும் கறுப்பைக் கழற்றவில்லை. துணியில் சுற்றிய பீன்ஸ் ரொட்டியை முதலில் இர்மாவிடம் நீட்டினார்.

"எடு பொண்ணே. சூடா இருக்கு. எத்தனாம் மாசம்?"

"நாள் எண்ணிக்கிட்டு இருக்கேன் அத்தை. ஆம்பளப் பிள்ளையாம்."

"நல்லா இருக்கட்டும்," என்றவர் திரும்பினார். பானெட்டின் மேல் இருந்த அட்டைப் பெட்டியைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. புருஷன் பக்கத்தில் போய்த் தணிந்த குரலில் கேட்டார்: "முர்மான், அந்தப் பெட்டியை ஏன் தொறந்த?"

முர்மான் ஸ்க்ரூடிரைவரால் வண்டிக்குள் காட்டினார். லாமாரா எட்டிப் பார்த்தார். நீல டேப், மடித்துவிட்ட காது. அந்தக் காதைப் பார்த்து எத்தனை முறை வீட்டில் சிரித்திருக்கிறார்! மெல்ல நடந்து சுற்றிப் போய், வலப்பக்கக் கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அழவில்லை.

"வெள்ளை அடிச்சிருக்காங்க," என்றார். புருஷன் பக்கம் திரும்பி, "அந்தப் பிள்ளைங்ககிட்ட சொன்னியா?"

"இல்ல."

"சொல்லு."

"சொன்னா அவ இதுல ஏறுவாளா? நிறைமாசம், கணவாயைத் தாண்டி வீட்டுக்குப் போகணும். இருக்கிறதெல்லாம் இந்த வண்டியில போட்டிருப்பாங்க."

"சொல்லாம அனுப்பி ஏதாச்சும் ஆனா?"

"கேமரா இருக்குமே லாமாரா," என்றார் முர்மான். கெஞ்சுவது போல இருந்தது குரல். "இந்தத் தடவை இருக்குமே."

லாமாரா விடவில்லை. "அப்ப நீயே கூட உக்காந்து ரோட்டுல பாத்துட்டு வா. வழக்கம்போல வாசல்ல நின்னு பாத்துட்டு விட்டுடாத. திரும்பி வந்து நீ சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

மிச்ச வேலை கைப்பழக்கத்தில் நடந்தது. இஞ்சின் பக்கத்தில் வெட்டிக் கிடந்த கேபிளை ஒட்டுப்போட்டுக் கேமராவோடு சேர்த்தார். பின்னால் பார்க்கச் செய்த கேமரா கண்ணாடி போல இடம் வலம் மாற்றிக் காட்டும். அதை நேராக்க ஒரு சின்ன வளைய வயரை வெட்ட வேண்டும், வெட்டினார். திரைக்குக் கேமராவை ஏற்கும் வாசல் ஒன்றுதான், அது ரிவர்ஸுக்கு என்று வைத்தது. அதை இரண்டுக்கும் பொதுவாக்க நடுவில் ஒரு மாற்றுப்பெட்டி வைத்தார். இடது இண்டிகேட்டர் போட்டால் முன்பக்கப் படம் வர வேண்டும், ஆனால் இண்டிகேட்டரோ விட்டுவிட்டு எரிவது. நேராகக் கொடுத்தால் படமும் சேர்ந்து கண்சிமிட்டும். அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு ரிலே. கடைசியாக அந்த நீலக் காதைப் பிடித்து டேப்பைப் பிரித்தார். சுலபமாக வந்தது. மஞ்சள் முனையைச் செருகினார். இண்டிகேட்டரைப் போட்டார்.

டிக், டிக். "போகலாமா, அப்பா?"

திரையில் பட்டறை வாசலும், தெருவும், டயர் கடையும், படிக்கட்டில் படுத்திருந்த நாயும் அகலமாக விரிந்தன. ஜாபா கைதட்டினான். முர்மானின் கண்ணில் தண்ணீர் நின்றது. வெல்டிங் புகை என்று சொல்லிக்கொள்ள அங்கே யாரும் வெல்டிங் செய்யவில்லை.

மூன்று வருடத்துக்குப் பிறகு முதல் முறையாக ஓர் இடது சீட்டில் உட்கார்ந்தார். இருக்கை இர்மாவுக்காகப் பின்னால் தள்ளியிருந்தது. ஜாபா எல்லைக்குப் போகிற கர்தபானிச் சாலையில் வண்டியை விட்டான். அங்கே லாரிக்குப் பஞ்சமில்லை. ஒரு கோயிலைத் தாண்டும்போது ஜாபா ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து மூன்று முறை சிலுவை போட்டான், முர்மானும் போட்டார். அதைத் தாண்டியதும் ஒரு செங்கல் லாரி முன்னால் வந்து மாட்டியது.

"பாப்போம் உங்க கைவண்ணத்தை," என்று இண்டிகேட்டரைத் தட்டினான் ஜாபா. வண்டியைக் கோட்டை ஒட்டி நகர்த்தினான். திரையில் லாரிக்கு அந்தப் பக்கம் தெரிந்தது: சாலை, இரண்டு பக்கமும் பாப்ளர் மரங்கள், நிறைய வானம். மிந்தியா கேட்டான், போகலாமா என்று. முர்மானின் கண் திரையை விட்டு அகலவில்லை. இதைத்தானே அவன் பார்த்திருப்பான், இவ்வளவு தெளிவாக!

"சூப்பர் மாமா. அதோ, அங்க ஒண்ணு வருது, தீப்பெட்டி சைஸ்ல. அது வர்றதுக்குள்ள நாம போய்ட்டு ஒரு காப்பி குடிச்சுடலாம்," என்று சொல்லி ஜாபா மிதித்தான்.

முர்மான் தலையை நிமிர்த்திக் கண்ணாடி வழியாகப் பார்த்தது யோசித்துச் செய்ததல்ல. இடது சீட்டில் இருபது வருடம் உட்கார்ந்தவனின் கழுத்து தானாகச் செய்தது. தீப்பெட்டி அங்கே இல்லை. ஒரு டிரெய்லர் லாரியின் நெற்றி இருந்தது, விளக்குகளைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டு.

"பொறு!" என்று அலறினார். "பொறு, பொறுடா!"

ஜாபா பிரேக்கை மிதித்து வலப்பக்கம் ஒடித்தான். டிரெய்லரின் ஹாரன் காதைக் கிழித்துக்கொண்டு பக்கத்தில் போனது, வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. செங்கல் லாரி ஒன்றும் நடக்காதது போல முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஜாபா ஓரமாக நிறுத்தினான். திரையையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"தூரத்துல இல்ல இருந்துச்சு?" என்றான் கடைசியில். "திரையில தூரத்துல இல்ல இருந்துச்சு, மாமா?"

முர்மான் திரையைப் பார்த்தார். பாப்ளர் மரங்கள், வானம், ஊசிமுனை போல ஒரு சாலை. இது அகலக் கண் வைத்த கேமரா. சுவரை ஒட்டி வண்டி நிறுத்தவும், சந்திலிருந்து வெளியே வரவும் செய்தது. எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடக்க வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் சிறிதாக்கித் தள்ளி வைக்கும். முந்திப் போகிறவனுக்கு இது ஆகாது, குறுகிய கண்தான் வேண்டும் என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்கிறவர்தான் அவர். அலமாரியில் அவை வேறு வேறு தட்டில் இருக்கின்றன. இழுப்பறையில் இருந்தது மட்டும் கேமராவாகவே அவருக்குத் தோன்றவில்லை. அது மிந்தியாவுடையது. அதற்கு அகலம் குறுகல் என்று ஏதாவது இருக்கும் என்றே மூன்று வருடத்தில் ஒருநாளும் நினைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருந்தால், மிந்தியா இண்டிகேட்டரைப் போட்டிருப்பான். திரையில் தீப்பெட்டி தெரிந்திருக்கும். அப்பன் மாட்டிய கேமராவை நம்பி, அவன் பாதி அல்ல, முழுதாக வெளியே போயிருப்பான்.

ஆறுதலாக இருக்க வேண்டும் அல்லவா? முர்மானுக்கு அப்படி இல்லை. காலுக்குக் கீழே இருந்த பலகையை யாரோ உருவியது போல இருந்தது. குற்றம் என்று ஒன்று இருந்தவரை அதற்கு ஒரு மருந்தும் இருந்தது: ஒரு கேபிள், ஒரு முனை, ஒரு அரை மணி நேர வேலை. இப்போது ஒன்றுமே இல்லை. அவன் போனான், அவ்வளவுதான்.

"இது என் மகன் வண்டி," என்றார்.

ஜாபாவுக்குப் புரியவில்லை. முர்மான் கையைப் பிசைந்துகொண்டு, நிறுத்தி நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னார். நீல டேப், சனிக்கிழமை, கணவாய், கல். ஜாபா ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். சுடும் பொருளைத் தொட்டுவிட்டவன் போல இருந்தான்.

"இதுலயா?" என்றான். "இந்த சீட்டுலயா?"

"ஆமா."

"இர்மாகிட்ட இப்ப சொல்ல வேண்டாம் மாமா. பிள்ளை பிறக்கட்டும்."

ஆனால் அவர்கள் திரும்பியபோது இர்மாவின் கண்கள் அழுது வீங்கியிருந்தன. லாமாராவும் அவளும் பெஞ்சில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். லாமாரா காத்திருக்கவில்லை. அவர் சுபாவம் அது.

"இர்மா, நான் இத வித்துடுறேன்," என்று ஆரம்பித்தான் ஜாபா.

"யாருக்கு? சொல்லாம இன்னொருத்தன் தலையில கட்டுவியா?" என்றாள் அவள். "முதல்ல நானும் பயந்துட்டேன். அத்தைகிட்ட சொன்னேன், இனிமே இதுல ஏற மாட்டேன்னு. அப்புறம் யோசிச்சேன். நம்ம வீட்டுல உங்க தாத்தா சாகல? அந்தக் கட்டில்ல நீ படுக்கல? யாருன்னே தெரியாம, பேரையும் சொல்லாம ஓட்டினோமே, அதுதான்டா தப்பு. பின்னாடி ஒயின் இருக்குல்ல, எடு."

இமெரேத்திக்காரன் வண்டியில் வீட்டு ஒயின் இல்லாமலா இருக்கும்? பிளாஸ்டிக் பாட்டிலில் இருந்தது. இறந்தவர்களுக்குச் செய்கிற வழக்கப்படி லாமாரா மிச்சமிருந்த ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து வலது சீட்டின் பக்கத்தில் நீட்ட, இர்மா அதன் மேல் சில துளிகள் ஊற்றினாள். "மிந்தியா, உன் ஆன்மா அமைதியா இருக்கட்டும்," என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, வாசல் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருகிறவளைப் போல, "நாங்க ஓட்டிக்கிறோம், என்ன?" என்றாள்.

முர்மான் அகலக் கண்ணைக் கழற்றி அட்டைப் பெட்டியில் போட்டார். பெட்டியை இழுப்பறையில் வைக்காமல் அலமாரியில், மற்ற அகலக் கண்களோடு வைத்தார். குறுகிய கண் ஒன்றை எடுத்து அதே ஓட்டையில் பொருத்தினார். ஓட்டிப் பார்க்கக் கிளம்பும்போது லாமாரா, "நாங்களும் வரோம்" என்று இர்மாவை அழைத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறிவிட்டார். சாவியைத் திருப்பியதும் ஜப்பான்காரி மரியாதையாக ஏதோ சொன்னாள். பின்னாலிருந்து லாமாரா, "தெரியும் அத்தை, மறந்துட்டோம்," என்றார். அந்தக் குரலுக்கு யாரும் பதில் சொல்லி மூன்று வருடமாகியிருந்தது.

அதே சாலை. இந்த முறை வைக்கோல் ஏற்றிய ஒரு லாரி. ஜாபா வெகுநேரம் அதன் பின்னாலேயே, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல அடக்கமாகப் போனான்.

"இப்படியே போனா பிள்ளை இங்கயே பொறந்துடும்," என்றாள் இர்மா.

ஜாபா இண்டிகேட்டரைப் போட்டான். டிக், டிக். திரையில் சாலை வந்தது, உள்ளபடியே, ஒரு நீளமான குழாய்க்குள் பார்ப்பது போல. அவன் அதைப் பார்த்தான், ஆனால் நம்பி மிதிக்கவில்லை. இடப்பக்கம் திரும்பி, "போகலாமா, மாமா?" என்று கேட்டான். அதே நேரத்தில் முர்மானின் வலது காதுக்குப் பக்கத்தில் மற்றவனும் கேட்டான்.

முர்மான் முதலில் திரையைப் பார்த்தார். பிறகு முன்னால் சாய்ந்து, கண்ணாடி வழியாகத் தன் கண்ணால் பார்த்தார். கால்வாய்ப் பாலம் வரைக்கும் சாலை வெறுமையாகக் கிடந்தது. ஒரு சைக்கிள்கூட இல்லை. அவர் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை.  டிக், டிக் என்று இண்டிகேட்டர் அடித்துக்கொண்டே இருந்தது.

"முர்மான்," என்றார் பின்னாலிருந்து லாமாரா. "பிள்ளை கேக்குறான்ல. பதில் சொல்லு."

"போ, அப்பா," என்றார் முர்மான். "போ. எதிர்ல ஒண்ணும் வரல."

ஜாபா வெளியே எடுத்தான். லாரி பக்கத்தில் பின்வாங்கியது, நாலைந்து வைக்கோல் துரும்புகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டன. வண்டி மறுபடியும் தன் பக்கத்துக்கு வந்தது. இண்டிகேட்டர் தானாக நின்றது. முர்மான் காதைக் கொடுத்துக் கேட்டார். ஜாபா ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான், இர்மா அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். வலது காதுக்குப் பக்கத்தில் வேறு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது, மகனை அடக்கம் செய்த அன்றுகூட வராத அழுகை. லாமாரா பின்னாலிருந்து கையை நீட்டி அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். ஜாபா வேகத்தைக் குறைத்தான்.